குறைந்த விலை டிரெட்மில் வாங்குமுன்: தரத்தையும் பாதுகாப்பையும் நாமே சோதிப்பது எப்படி?

என் முதல் டிரெட்மில் ஐந்து மாதம்தான் ஓடியது. பெட்டியில் 4 எச்.பி. (குதிரைத்திறன்) மோட்டார் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது, அதை நம்பி வாங்கினேன். மூன்றாம் மாதம் ஒவ்வொரு அடிக்கும் பெல்ட் ஒரு கணம் நின்று நின்று நகர ஆரம்பித்தது. ஐந்தாம் மாதம் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பலகையான கன்ட்ரோலர் போர்டு போய்விட்டது. வாரண்டி அட்டையை எடுத்துப் பார்த்தால் மோட்டாருக்கு மூன்று வருடம், எலக்ட்ரானிக் பாகங்களுக்கு மூன்றே மாதம். நல்ல நிலையில் இருக்கும் மோட்டாருக்கு இன்னும் இரண்டரை வருடம் வாரண்டி இருந்து என்ன பயன்?

அடுத்ததை வாங்க ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன். கையேடுகளைப் படித்தேன், டெக்னீஷியன்களிடம் கேட்டேன், கடை கடையாக ஏறி நின்று பார்த்தேன். அதே விலை வரம்பில்தான் வாங்கினேன், இது ஒழுங்காக ஓடுகிறது. அந்த ஆறு வாரத்தில் கற்றதை வரிசையாக இங்கே எழுதுகிறேன். கடைக்குப் போனாலும் ஆன்லைனில் வாங்கினாலும் இந்த வரிசையிலேயே போங்கள். முதல் இரண்டு படிகளுக்குப் பணமே தேவையில்லை, பாதி மாடல்கள் அங்கேயே கழிந்துவிடும்.

1. யார், எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

வீட்டில் டிரெட்மில்லில் ஏறப்போகும் ஒவ்வொருவரின் எடை, உயரம், நடையா ஓட்டமா, ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை நிமிடம் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நடைக்கும் ஓட்டத்துக்கும் தேவைப்படும் இயந்திரம் வேறு. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை பலகையில் இறங்குகிறது. குறைந்த விலை இயந்திரங்களில் நடைக்கு நல்லவை கிடைக்கும். தினமும் ஓடுவதற்கு நல்லவை மிக அரிது. தினமும் ஓடப்போகிறீர்கள் என்றால், இன்னும் சில மாதம் பணம் சேர்த்து அடுத்த நிலை இயந்திரத்துக்குப் போவதே சரி என்பது என் கருத்து.

'அதிகபட்ச எடை 110 கிலோ' என்று போட்டிருந்தால் அதை 90 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 20 கிலோ இடைவெளி இருக்கட்டும். எல்லையை ஒட்டிய எடையில் தினமும் ஓட்டினால் மோட்டாரும் போர்டும் எப்போதும் சூட்டிலேயே இருக்கும்.

இதயக் கோளாறு, மயக்கம், சமநிலைக் குறைபாடு உள்ள யாராவது பயன்படுத்தப் போகிறார்கள் என்றால், மருத்துவரிடம் கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

2. பணம் கட்டும் முன் ஆவணங்களைக் கேளுங்கள்

எல்லோரும் பணம் கட்டிய பிறகுதான் ஆவணங்களைப் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். வாங்கும் முன்பே இவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

முதலில், முழுப் பயனர் கையேடு. தயாரிப்பாளரின் இணையதளத்தில் இருக்கும், இல்லாவிட்டால் விற்பவரிடம் கேளுங்கள். கையேடே கிடைக்காத இயந்திரத்துக்கு நாளை உதிரி பாகமும் கிடைக்காது என்று எடுத்துக்கொள்ளலாம். கிடைத்தால் அதில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம். பல சிறிய இயந்திரங்களில் 30 அல்லது 45 நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள், பிறகு ஆறவிடுங்கள் என்று உள்ளே எழுதியிருக்கும். விளம்பரத்தில் இது வராது. வீட்டில் மூன்று பேர் அடுத்தடுத்து ஏறுவீர்கள் என்றால் இந்த ஒரு வரியே முடிவைச் சொல்லிவிடும். இரண்டு, பாகங்களின் படமும் எண்களும். ஒவ்வொரு பாகத்துக்கும் எண் இருந்தால்தான் பிற்பாடு ஒரு ரோலரையோ (பெல்ட் சுற்றிவரும் உருளை) பெல்ட்டையோ தனியாகக் கேட்டு வாங்க முடியும். மூன்று, 'வகுப்பு' என்ற சொல்.

இந்த வகுப்பு என்ன என்று சொல்லிவிடுகிறேன். உடற்பயிற்சி இயந்திரங்களின் பாதுகாப்புக்கு ஐ.எஸ்.ஓ. 20957 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அதன் 6-ஆம் பகுதி டிரெட்மில்லுக்கு உரியது. முன்பு இதே இடத்தில் இருந்த ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 957-6, பழைய கையேடுகளில் அந்த எண் இருக்கும். அதன்படி 'எஸ்' என்றால் ஜிம் போன்ற இடங்களுக்கு, 'எச்' என்றால் வீட்டுக்கு. அடுத்து வரும் ஏ, பி, சி என்பவை துல்லியத்தைக் குறிக்கும், சி-தான் கடைசி. கையேட்டில் 'எச்.சி.' என்று இருந்தால் வீட்டுப் பயன்பாட்டுக்கான இயந்திரம், வேகம், தூரம் பற்றிய கணக்குகள் அவ்வளவு துல்லியமாக இருக்காது என்று பொருள். அதில் தவறில்லை. பெரும்பாலான வீட்டு இயந்திரங்கள் இந்த வகைதான். தரநிலையே குறிப்பிடப்படவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று சொல்லும் 'சி.இ.' முத்திரையைப் பார்த்து மட்டும் சமாதானம் ஆகிவிடாதீர்கள். இத்தகைய பொருள்களில் பெரும்பாலும் தயாரிப்பாளர் தானே அறிவித்து ஒட்டிக்கொள்ளும் முத்திரை அது. ஜி.எஸ்., யு.எல்., ஈ.டி.எல். போன்ற முத்திரைகள் வெளி ஆய்வுக்கூடம் சோதித்த பிறகு தரப்படுபவை. சோதனை அறிக்கை இருக்கிறது என்று விற்பவர் சொன்னால், அதில் உள்ள மாடல் எண்ணும் நீங்கள் வாங்கும் இயந்திரத்தின் மாடல் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறு மாடலின் அறிக்கையைக் காட்டுவது எனக்கே நடந்தது.

கடைசியாக வாரண்டியின் முழு வாசகம். 'ஃபிரேமுக்கு வாழ்நாள் வாரண்டி' என்ற வரியைப் பார்த்து மயங்க வேண்டாம், இரும்புச் சட்டம் உடைவது அபூர்வம். வீட்டு இயந்திரத்தில் தொல்லை தருபவை கன்ட்ரோலர் போர்டு, டிஸ்ப்ளே, பெல்ட், வேகத்தை அளக்கும் சென்சார். இவற்றுக்கு எத்தனை மாதம்? ஆள் வந்து பார்ப்பதற்கான கூலி சேர்த்தா, சேர்க்காமலா? இயந்திரத்தை அனுப்ப வேண்டியிருந்தால் போக்குவரத்துச் செலவு யாருடையது? கம்பெனி ஆள்தான் பொருத்த வேண்டும், நீங்களே பொருத்தினால் வாரண்டி போய்விடும் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? நான்கு கேள்விகளுக்கும் பதிலை எழுத்தில், குறைந்தது மின்னஞ்சலில் வாங்குங்கள்.

3. மோட்டாரின் எண்ணை விட்டுவிட்டுத் தகட்டைப் படியுங்கள்

பெட்டியில் உள்ள பெரிய எண் 'பீக்' திறன். ஒரு நொடி உச்சத்தில் மோட்டார் எட்டக்கூடிய அளவு அது. நமக்கு வேண்டியது தொடர்ந்து தரும் திறன், அதைச் சி.எச்.பி. என்று குறிப்பார்கள். அந்த எண் போடப்படவில்லை என்றால், இயந்திரத்தின் மேல் ஒட்டியுள்ள மின் தகட்டைத் தேடுங்கள். பெரும்பாலும் முன்பக்கம், மின்கம்பி உள்ளே நுழையும் இடத்தருகே இருக்கும். அதில் வாட் அளவோ, ஆம்பியர் அளவோ இருக்கும். ஆம்பியர் மட்டும் இருந்தால் அதை வோல்டேஜால் பெருக்கினால் தோராயமாக வாட்.

ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். 4 எச்.பி. என்றால் கிட்டத்தட்ட 3000 வாட் வேண்டும். என் பழைய இயந்திரத்தின் தகட்டில் இருந்தது 750 வாட். அதாவது அது உள்ளே இழுக்கும் மின்சாரமே ஒரு குதிரைத்திறனுக்குத்தான் சமம், பெல்ட்டுக்குப் போய்ச் சேருவது அதைவிடக் குறைவு. இந்தக் கணக்கை வாங்குமுன் போட்டிருந்தால் அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு வந்திருப்பேன். ஆன்லைனில் வாங்குபவர்கள் தகட்டின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அனுப்ப மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

மிதமான எடை உள்ளவர் நடக்க 1.5 சி.எச்.பி. அளவு போதும். மெதுவோட்டத்துக்கு 2 முதல் 2.5, தினசரி ஓட்டத்துக்கு அதற்கும் மேல்.

4. பெல்ட், பலகை, ரோலர்

டேப் ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள். விளம்பரத்தில் தரும் நீள அகலம் சில சமயம் முழு இயந்திரத்துடையது. நமக்கு வேண்டியது கால் வைக்கும் பகுதி, அதாவது பெல்ட்டின் வெளியே தெரியும் பரப்பு. நடைக்குக் குறைந்தது 40 செ.மீ. அகலம், 110 முதல் 120 செ.மீ. நீளம். ஓட்டத்துக்கு 45 முதல் 50 செ.மீ. அகலம், 130 முதல் 140 செ.மீ. நீளம். உயரமானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நீளம் வேண்டும். பெல்ட் குட்டையாக இருந்தால் நம்மை அறியாமலே அடியைச் சுருக்கி, முன்னால் திரையும் பட்டன்களும் உள்ள கன்சோலை முட்டுவதுபோல நடப்போம். களைத்த நேரத்தில் கால் பின் விளிம்புக்குப் போய்விடும். அங்கேதான் பலர் விழுகிறார்கள்.

பெல்ட்டுக்கு அடியில் இருக்கும் பலகை மரத்தூளை அழுத்திச் செய்தது. மலிவான இயந்திரங்களில் 12 முதல் 15 மி.மீ. தடிமன் இருக்கும், 18 மி.மீ.க்கு மேல் இருந்தால் நல்லது. ஓரத்தில் பெல்ட்டை லேசாகத் தூக்கினால் தெரியும். ரோலர் பெரிதாக இருந்தால் பெல்ட் கூர்மையாக மடங்காது, பேரிங்கும் மெதுவாகச் சுற்றும், இரண்டும் நீடித்து உழைக்கும். 40 மி.மீ.க்குக் குறைவான விட்டம் என்றால் நடைக்கு மட்டுமே.

பிறகு இயந்திரத்தின் மொத்த எடை. யாரும் பொருட்படுத்தாத எண் இது, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த எண். இரும்பும் தாமிரமும் எங்கே குறைக்கப்பட்டன என்பதை அது காட்டிவிடும். கைப்பிடி உள்ள, ஓடலாம் என்று விற்கப்படும் இயந்திரம் 30 கிலோதான் இருக்கிறது என்றால், ஓடும்போது அது ஆடும்.

புளூடூத் ஸ்பீக்கர், பெரிய திரை, கலோரிக் கணக்கு, கைப்பிடியில் நாடித்துடிப்பு எல்லாம் கூடுதல் விலைக்குக் காரணம் சொல்ல வைத்தவை. கைப்பிடி நாடித்துடிப்பு நடக்கும்போது அடிக்கடி தவறாகக் காட்டும். அந்தப் பணம் பலகையில் போயிருந்தால் நமக்கு நல்லது.

5. எப்படி நிற்கிறது என்பதைச் சோதியுங்கள்

எப்படி ஓடுகிறது என்று எல்லோரும் பார்க்கிறார்கள். எப்படி நிற்கிறது என்று நீங்கள் பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். எல்லாச் சோதனைகளையும் பெல்ட்டுக்கு இரு பக்கமும் உள்ள அசையாத ஓரப்பட்டையில் கால்களை அகட்டி, கைப்பிடியைப் பிடித்து நின்றபடி செய்யுங்கள். பெல்ட்டின் மேல் நின்றுகொண்டு இயந்திரத்தை ஆன் செய்யவே கூடாது.

முதலில் பாதுகாப்புச் சாவி. கன்சோலில் ஒட்டிக்கொள்ளும் சிறு காந்தத் துண்டு, கயிறு, நுனியில் உடையில் மாட்டும் கிளிப். சாவி இல்லாமல் இயந்திரம் ஓடவே கூடாது. சாவியை எடுத்துவிட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், அசைந்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். பிறகு சாவியை வைத்து மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் ஓடவிட்டு, கயிற்றை இழுங்கள். சில நொடிக்குள் பெல்ட் நிற்க வேண்டும். சாவியைத் திரும்ப வைத்ததும் தானாக ஓட ஆரம்பிக்கக் கூடாது. மறுபடி ஸ்டார்ட் அழுத்தினால் மட்டுமே, மிகக் குறைந்த வேகத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்தது கயிற்றின் நீளம். இயந்திரத்தை அணைத்துவிட்டு, கிளிப்பை இடுப்புக்கு மேல் உடையில் மாட்டிக்கொண்டு, பெல்ட்டின் மேல் மெதுவாகப் பின்னால் போங்கள். பின் விளிம்புக்கு வருவதற்கு நன்றாக முன்பே சாவி பிடுங்கிக்கொண்டு வர வேண்டும். நான் பார்த்த இரண்டு மாடல்களில், பின்னால் தரையில் இறங்கி நின்ற பிறகும் சாவி கழலவில்லை! விழுந்த பிறகு நிற்கும் சாவியால் என்ன பயன்? கயிறு நீளமாக இருந்தால் முடிச்சுப் போட்டுக் குறைத்துக்கொள்ளலாம். கிளிப் பிடிமானம் இல்லாமல் உடையிலிருந்து வழுக்கினால் அதை முடிச்சால் சரிசெய்ய முடியாது, கிளிப்பை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

மூன்றாவது, மின்தடைச் சோதனை. பெல்ட் ஓடும்போது சுவரில் உள்ள சுவிட்சை வேறொருவரை அணைக்கச் சொல்லுங்கள். மின்சாரம் திரும்பியதும் பெல்ட் தானாக ஓடக் கூடாது.

கைப்பிடி இல்லாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைக்கும் 'வாக்கிங் பேட்' வகை இப்போது நிறைய விற்கிறது. அவற்றில் சில ரிமோட்டால் மட்டுமே நிற்கும். ரிமோட் கையிலிருந்து நழுவினால் நிறுத்த வழியில்லை. வயதானவர்களுக்கும் டிரெட்மில்லுக்குப் புதியவர்களுக்கும் நான் இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன். வாங்கியே ஆக வேண்டும் என்றால் சாவி உள்ளதாக வாங்கி, மெதுநடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

6. வீட்டில் குழந்தைகள் இருந்தால்

ஓடும் பெல்ட்டில் குழந்தையின் கை பட்டால் உரசலிலேயே ஆழமான தீக்காயம் போன்ற புண் உண்டாகும். விரல்கள் பின்பக்க ரோலருக்கும் சட்டத்துக்கும் இடையே சிக்கும். பெரியவர் மேலே நடந்துகொண்டிருக்க, குழந்தை பின்னால் வந்து கை வைப்பதுதான் பெரும்பாலும் நடக்கும் விதம். மேலே இருப்பவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது.

விலை கூடினால் இந்த ஆபத்து போய்விடும் என்று எண்ணாதீர்கள். அமெரிக்காவில் பெலோட்டான் நிறுவனத்தின் டிரெட்+ என்ற மிக விலையுயர்ந்த டிரெட்மில்லின் அடியில் குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் பொருள்களும் இழுக்கப்பட்டதாகப் புகார்கள் குவிந்தன. ஆறு வயதுக் குழந்தை ஒன்று உயிரிழந்தது. 2021 ஏப்ரலில் அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கை விடுத்தது. மே மாதம் ஏறக்குறைய 1,25,000 இயந்திரங்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

ஆகவே கடையிலேயே இயந்திரத்தின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். ரோலரின் இரு முனைகளும் மூடியால் மறைக்கப்பட்டுள்ளனவா? பெல்ட்டுக்கும் தரைக்கும் இடையே சிறு கையோ பந்தோ நுழையும் அளவு இடம் இருக்கிறதா? வீட்டில், பயன்படுத்தி முடித்தவுடன் சாவியை எடுத்து எட்டாத உயரத்தில் வையுங்கள், பிளக்கையும் உருவிவிடுங்கள். தொங்கும் கயிறு, சார்ஜர் வயர் எதையும் கைப்பிடியில் விட்டுவைக்காதீர்கள், கழுத்தில் சுற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. மடக்கும் வகை என்றால், மடக்கி நிறுத்தியபின் பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பாருங்கள். ஒரு குழந்தை தொங்கினாலும் அது கீழே இறங்கக் கூடாது. நடக்கும் நேரத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொள்வதே எல்லாவற்றையும்விட எளிய வழி.

7. பத்து நிமிடம் நடந்து பாருங்கள்

நீங்கள் போடும் அதே ஷூவோடு போங்கள். குறைந்த வேகத்தில், சுமார் 3 கி.மீ.யில், கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு அடியையும் கொஞ்சம் அழுத்தி வையுங்கள். மட்டமான இயந்திரத்தின் குறை இந்த மெதுவேகத்தில்தான் வெளிப்படும். கால் பதியும்போதெல்லாம் பெல்ட் தயங்கினால் மோட்டார் பலவீனமாக இருக்கலாம், பெல்ட் தளர்ந்திருக்கலாம், எண்ணெய் இல்லாமல் இருக்கலாம். பெல்ட்டை முறுக்கி, எண்ணெய் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். அப்போதும் தயங்கினால் அது மோட்டார்தான்.

பிறகு வேகத்தைக் கூட்டி, கைப்பிடியை விட்டு நடங்கள். கன்சோல் ஆடுகிறதா? கைப்பிடியைப் பக்கவாட்டில் அசைத்தால் சட்டம் முனகுகிறதா? பத்து நிமிடம் கழித்து இறங்கி, மோட்டார் மூடியின் மேல் கை வையுங்கள். லேசான சூடும் புது ரப்பர் வாசனையும் சரி. கருகிய வாசனை சரியில்லை.

வேகம் சரியா என்று பார்க்க ஒரு சிறு கணக்கு. பெல்ட்டின் ஓரத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டுங்கள். பிளக்கை எடுத்துவிட்டு, பெல்ட்டைக் கையால் மெதுவாக நகர்த்தி முழுச் சுற்றளவையும் மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். பிறகு ஒருவர் மேலே நடக்க, இன்னொருவர் ஒரு நிமிடம் செல்போனில் படம் பிடித்து, டேப் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். சுற்றளவு பெருக்கல் எண்ணிக்கை பெருக்கல் 0.06, அதுவே மணிக்குக் கிலோமீட்டர். 2.6 மீட்டர் பெல்ட் நிமிடத்துக்கு 32 முறை சுற்றினால் கிட்டத்தட்ட 5 கி.மீ. 28 முறைதான் சுற்றுகிறது, திரை மட்டும் 5 காட்டுகிறது என்றால் உண்மை வேகம் 4.4-தான். ஆள் இல்லாமல் ஒருமுறையும் ஆளோடு ஒருமுறையும் எண்ணுங்கள். ஆள் ஏறியதும் எண்ணிக்கை நன்றாகக் குறைந்தால் அந்த மோட்டாரால் உங்கள் எடையைத் தாங்க முடியவில்லை. இதைக் கடையில் செய்ய விடாவிட்டால் வீட்டில் முதல் நாளே செய்யுங்கள்.

8. இடமும் மின்சாரமும்

பின்பக்கம் 2 மீட்டர், இரு பக்கமும் அரை மீட்டர் காலி இடம் வேண்டும்.  இயந்திரத்தின் நீளத்தோடு இந்த 2 மீட்டரையும் சேர்த்துத் தரையில் கோடு போட்டுப் பாருங்கள். பின்னால் சுவர் இருந்தால், விழுபவர் சுவருக்கும் ஓடும் பெல்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார், உரசல் நிற்காது. இடம் இல்லை என்றால் மடக்கக்கூடியது வாங்கினாலும் தீர்வாகாது, ஓட்டும்போது இடம் வேண்டுமே. உயரத்தையும் பாருங்கள்: உங்கள் உயரம், பலகையின் உயரம், அதற்கு மேல் ஒரு சாண்.

எர்த் உள்ள மூன்று பின் பிளக்கும், தனிப் பாயிண்டும் வேண்டும். தகட்டில் உள்ள ஆம்பியருக்கு அந்தப் பாயிண்ட் ஈடுகொடுக்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள், எர்த் வேலை செய்கிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகக் கூடாது. மெல்லிய வயர் சூடாகும், மோட்டாருக்குப் போகும் வோல்டேஜும் குறையும், போர்டு கெடும். என் பழைய இயந்திரம் இருந்தது எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான். மொட்டைமாடி, ஈரமான இடம், அடர்ந்த கார்ப்பெட் எதுவும் வேண்டாம். அடியில் ரப்பர் பாய் விரியுங்கள்.

9. பெட்டி வந்த நாளிலிருந்து நாள் கணக்கு

திருப்பித் தரும் கெடு பெரும்பாலும் பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது, பொருத்திய நாளிலிருந்து அல்ல. என் முதல் இயந்திரம் பன்னிரண்டு நாள் பெட்டியிலேயே கிடந்தது, கெடு பத்து நாள். இரண்டு நாள் பிந்தியதால் உரிமை போய்விட்டது. ஆகவே பொருத்த ஆள் வரும் நாளைப் பேசி முடித்த பிறகு டெலிவரி நாளைக் கேளுங்கள்.

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ஆறு பக்கமும் படம் எடுங்கள். மூலை நசுங்கியிருந்தால் டெலிவரி ரசீதில் அதை எழுதியே கையெழுத்துப் போடுங்கள். இயந்திரத்தின் சீரியல் நம்பர் பில்லிலும் வாரண்டி அட்டையிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் இல்லை என்றால் அன்றே எழுதித் தரச் சொல்லுங்கள். வாரண்டியை ஆன்லைனில் பதிவுசெய்ய வேண்டும் என்றால் அன்றே செய்து, வந்த உறுதிச் செய்தியைச் சேமித்து வையுங்கள்.

முதல் வாரம் முழுவதும் தினமும் ஓட்டுங்கள், வீட்டில் எடை அதிகமானவரும் ஏறட்டும். 5-ஆம் 7-ஆம் படிகளின் சோதனைகளை வீட்டில் திரும்பச் செய்யுங்கள். குறை தெரிந்தால் போனில் மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள், வீடியோவோடு எழுத்தில் அனுப்பி, புகார் எண் வாங்குங்கள். கெடு முடியும்வரை பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கிப் போடாதீர்கள்.

10. செலவை முழுதாகப் போடுங்கள்

விலைச்சீட்டில் இருப்பது இயந்திரம் மட்டும். மாடிக்கு ஏற்றும் கூலி, பொருத்தும் கூலி, ரப்பர் பாய், சிலிகான் ஆயில், தேவைப்பட்டால் புதுப் பாயிண்ட் எல்லாம் தனி. இவற்றுக்கு விலையில் பத்தில் ஒரு பங்கை முன்பே ஒதுக்குங்கள். வாரண்டி முடிந்தபின் ஒரு கன்ட்ரோலர் போர்டும் ஒரு பெல்ட்டும் என்ன விலை என்று இப்போதே கேட்டு வையுங்கள். இரண்டும் சேர்ந்து இயந்திர விலையில் பாதியைத் தாண்டினால் அது பழுது பார்க்கும் பொருளே அல்ல. 'ஸ்டாக் இல்லை, வந்தால் சொல்கிறோம்' என்ற பதிலும் எனக்கு 'இல்லை'தான்.

11. பழையது வாங்கலாமா?

வாங்கலாம். அதே பணத்தில் புதிய மட்டமான இயந்திரத்தைவிட, நல்ல கம்பெனியின் பழைய இயந்திரம் பல நேரம் மேலானது. ஆனால் சாவி இல்லாமல் விற்கும் இயந்திரத்தை வாங்காதீர்கள், சாவிக்குப் பதில் காந்தம் வைத்து ஓட்டுவதையும் ஏற்காதீர்கள். மொத்தம் ஓடிய கிலோமீட்டரைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். பெல்ட்டின் அடிப்பக்கம் கண்ணாடிபோலப் பளபளத்தாலோ, பலகையில் பள்ளமோ கருப்புத் தேய்மானமோ இருந்தாலோ, இரண்டையும் மாற்றும் செலவைக் கழித்து விலை பேசுங்கள். மாடல் எண்ணைத் தேடி, அது திரும்ப அழைக்கப்பட்ட மாடலா என்றும் பாருங்கள்.

12. வாங்கிய பிறகு

எண்ணெய் விடாமல் விடுவதால்தான் மலிவான டிரெட்மில்கள் பெரும்பாலும் சாகின்றன. பெல்ட் பலகையோடு உரச, மோட்டார் அதிக மின்சாரம் இழுக்க, போர்டு சூடாகிறது. கையேடு சொல்லும் இடைவெளியில் விடுங்கள், பல மாடல்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இடையிலும் மாதம் ஒருமுறை பிளக்கை எடுத்துவிட்டு, பெல்ட்டுக்கு அடியில் நடுப்பகுதி வரை கை விட்டுப் பாருங்கள். வறண்டிருந்தால் விடுங்கள், பிசுபிசுத்தால் வேண்டாம். நூறு சதவீதச் சிலிகான் ஆயில் மட்டும். சமையல் எண்ணெய், இன்ஜின் ஆயில், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் கூடாது.

பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால், எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கப் பின்போல்ட்டைக் கடிகாரம் சுற்றும் திசையில் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு நிமிடம் ஆளில்லாமல் மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். அவசரப்பட்டு ஒரே நேரத்தில் முழுச் சுற்றுத் திருப்பினால் பெல்ட் மறுபக்கம் போய்க் கிழியும். நடுவில் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் 5 முதல் 7 செ.மீ. எழும்புவது சரியான முறுக்கு. வீணைத் தந்திபோல இழுத்துக்கட்டினால் பேரிங்கும் மோட்டாரும் தேயும்.

கருகிய வாசனை, வேகம் தானாக ஏறி இறங்குவது, பிளக் தொட முடியாத சூடு, சாவியை இழுத்தும் பெல்ட் நிற்காதது, உலோகத்தைத் தொட்டால் சுரீரென்று மின்னதிர்வு: இவற்றில் எது வந்தாலும் அன்றைய நடையை அதோடு விட்டுவிட்டு, பிளக்கை உருவி, 'யாரும் ஏற வேண்டாம்' என்று ஒரு தாளில் எழுதிக் கன்சோலில் ஒட்டுங்கள். அப்புறம் புகார் எண்ணைத் தேடுங்கள்.